வியப்பும் மதிப்பும்: மாவோரி மக்களின் பச்சை குத்தற் கலை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு கலையை வியத்தல், அக்கலையை ஆக்கிய மனிதரை மதித்தலாகுமா? பொதுவாக நாம் இவ்வினாவை எழுப்புவதேயில்லை. ஆகும் என்றே கொண்டுவிடுகின்றோம். பழங்குடி மக்களின் கலைகள் இன்று உலகெங்கும் பெற்றுள்ள செல்வாக்கினை நோக்குவோர், பழைய தவறொன்று திருத்தப்பட்டுவிட்டதாகவே கருதுவர். ஒரு காலத்திற் காட்டுமிராண்டித்தனம் என இகழப்பட்ட முகமூடிகளும் மரச்சிற்பங்களும் இன்று பெருநகரங்களின் அரும்பொருளகங்களை அணிசெய்கின்றன. ஒரு காலத்திற் பாதிரிமாரால் விலக்கப்பட்ட பச்சைக் கோடுகளை இன்று இளைஞர் விரும்பிக் குத்திக்கொள்கின்றனர். இகழ்ச்சி வியப்பாக மாறிவிட்டதென்பது உண்மையே. ஆயின், வியப்பு மதிப்பாக மாறிவிட்டதா என்பது வேறு வினா. நியூசிலாந்தின் மாவோரி மக்களது பச்சை குத்தற் கலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கலையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. சிற்பத்தைச் சிற்பியிடமிருந்தும் பாடலைப் பாடகரிடமிருந்தும் பிரித்துவிடலாம். மனிதத் தோலிற் பொறிக்கப்பட்ட கலையை அம்மனிதரிடமிருந்து பிரிப்பது எங்ஙனம்? பிரிக்க முயன்றபோது என்ன நிகழ்ந்தது என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

முகமே எழுத்தாதல்

பச்சை குத்துதலைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'டாட்டூ' என்ற சொல், பொலினீசிய மொழிகளில் வழங்கும் 'தத்தாவ்' என்பதன் திரிபாகும். 1769 இல் கப்பற் தலைவர் ஜேம்ஸ் குக் டகிட்டித் தீவையடைந்த பயணத்தின் வழியாகவே அச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதே பயணம் நியூசிலாந்துக் கரையையும் அடைந்தது. அக்கப்பலிற் சென்ற ஓவியர் சிட்னி பாக்கின்சன், சுருள் சுருளான கோடுகள் நிறைந்த மாவோரி முகங்களை வரைந்தார்.

அக்கோடுகளை மாவோரி மக்கள் 'மொக்கோ' என்பர். ஊசியாற் குத்தப்படும் பச்சையினின்றும் இது வேறுபட்டது. கடற்பறவையின் எலும்பிற் செய்த 'உஹி' என்னும் சிற்றுளியைச் சிறு கோலினால் தட்டித் தோலைச் செதுக்குவர். மரப்பிசின் முதலியவற்றை எரித்துப் பெற்ற கரியை அவ்வடுவிற் செலுத்துவர். தோல் ஆறியபின் அங்கே நிறம் மட்டுமன்றிப் பள்ளமும் எஞ்சும். மரத்திற் செதுக்குவது போன்றே முகத்திலும் செதுக்கினர் எனலாம். அக்காலத்தில் அம்மனிதர் 'தபு' என்னும் விலக்குக்கு உட்பட்டவர். வீங்கிய வாயினால் உண்ண இயலாதவராதலின், செதுக்கு வேலைப்பாடமைந்த புனலொன்றின் வழியாக உணவு ஊட்டப்பட்டார்.

இத்துன்பத்தை ஏற்றது அழகுக்காக மட்டுமன்று. ஒருவர் எக்குலத்தில் வந்தவர், எந்நிலையினர், எவற்றைச் சாதித்தவர் என்பதை மொக்கோ அறிவித்தது. 1826 இல் இங்கிலாந்தில் தங்கியிருந்த தே பெஹி கூப்பே என்னும் தலைவர், கண்ணாடியின் துணையின்றித் தம் முகத்துக் கோடுகள் அனைத்தையும் நினைவிலிருந்தே தாளில் வரைந்து காட்டினார். தம் உருவை வரைந்த ஓவியர் அக்கோடுகளிற் பிழைவிடலாகாதென்பதிலும் அவர் கண்ணுங்கருத்துமாயிருந்தார். 1840 ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையிற் சில தலைவர்கள் தம் மொக்கோவின் பகுதியையே கையொப்பமாக இட்டனர். கையொப்பம் என்பது யாது? 'இதற்கு நான் பொறுப்பு' என ஒருவர் பிறர்க்கு அளிக்கும் வாக்குறுதியே அது. மொக்கோ அத்தகையது; முகத்தில் ஏந்திய வாக்குறுதி.

கான்ற் பிரித்த கோடு

ஜேர்மனியத் தத்துவஞானி இமானுவேல் கான்ற், 1790 இல் வெளிவந்த தமது அழகியல் நூலில் நியூசிலாந்து மக்களின் பச்சை பற்றிப் போகிறபோக்கில் ஒரு கருத்துக் கூறியுள்ளார். அவர் அழகை இருவகையாகப் பகுப்பர். மலரின் அழகு போல எந்நோக்கத்தையும் சாராது நிற்பது ஒன்று. கட்டடத்தின் அழகு போல, அப்பொருள் எதற்காக உளது என்ற எண்ணத்தைச் சார்ந்து நிற்பது மற்றொன்று. நியூசிலாந்தார் வரையும் சுருட்கோடுகள் இனியவையே. ஆயின் அவை அமைந்த உரு மனித உருவாக இல்லாதிருந்தாலன்றோ அழகாகும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

அம்மக்களுள் எவரையும் கண்டறியாத ஒருவர் கூறியது இது. அவர் இழிவாக எதுவும் சொல்லவில்லை. கோடுகளைப் பாராட்டவே செய்கிறார். ஆயின் பாராட்டும்போதே கோட்டை வேறு, மனிதரை வேறு எனப் பிரித்துவிடுகிறார். கோடு அழகியது, மனிதர் மீது இருப்பதே பொருந்தாதது என்கிறார். தே பெஹி கூப்பேயிடம் இதனைக் கூறியிருந்தால் அவர் வியந்திருப்பார். மனிதரன்றி வேறெதன் மீது அக்கோடு இருத்தல் கூடும்? கோடில்லையாயின் அத்தலைவரின் முகமும் முழுமையாயிராதே.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது, கான்றின் பிழையன்று, அப்பிரிப்பேயாம். வடிவத்தை வாழ்விலிருந்து பிரித்து அதனைத் தனியே சுவைத்தல் நவீன அழகுணர்ச்சியின் அடிப்படைப் பழக்கமாகிவிட்டது. அப்பழக்கம் நூலில் இருக்கும்வரை தீங்கற்றது. சந்தைக்கு வந்தபோது அது என்ன செய்தது?

வியந்தோர் செய்தவை

மாவோரி மக்களிடையே இறந்தோரின் தலையைப் பதஞ்செய்து பேணும் வழக்கம் இருந்தது. அன்புக்குரியோரின் தலை உறவினரால் வைத்துப் போற்றப்பட்டு, துக்க காலங்களில் வெளியே எடுக்கப்பட்டது. பகைவரின் தலையும் பேணப்பட்டதுண்டு. சமாதானம் பேசும்போது அது திருப்பியளிக்கப்படலாம். இவை தொய் மொக்கோ எனப்படும். 1770 இல் குக்கின் கப்பலிற் சென்ற ஜோசப் பாங்ஸ் ஒரு தலையைப் பண்டமாற்றாகப் பெற்றார். பின்னர் ஐரோப்பியச் சேகரிப்பாளரிடையே இத்தலைகளுக்குப் பெருவிருப்பம் ஏற்பட்டது. அக்காலத்திற் குலங்களுக்கிடையே துப்பாக்கிப் போர்கள் மூண்டிருந்தன. துப்பாக்கியில்லாத குலம் அழிந்துபோகும். துப்பாக்கிக்கு விலையாகக் கொடுக்கத் தலை வேண்டும். அடிமைகளாகப் பிடிக்கப்பட்டோரின் முகங்களில் விற்பனைக்கென்றே மொக்கோ பொறிக்கப்பட்டு, அவர்கள் கொல்லப்பட்டனர் எனச் சமகாலக் குறிப்புகள் கூறுகின்றன. ஈற்றில் 1831 இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரால்ப் டார்லிங் இவ்வணிகத்துக்குத் தடைவிதித்தார்.

இந்நிகழ்ச்சியின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அத்தலைகளை வாங்கியோர் மாவோரிக் கலையை வெறுத்தவரல்லர். அதனைப் பெரிதும் வியந்தவரே. வெறுத்தவர் எதற்கு விலை கொடுப்பர்? வியப்பே விலையைத் தந்தது. விலையே கொலையைத் தந்தது. அதனோடு மொக்கோவின் பொருளும் தலைகீழாயிற்று. ஒருவர் இன்னார் என அறிவித்த குறி, இன்னாரெனக் கேட்பாரற்ற ஒருவர் முகத்தில் வெறும் சரக்கின் இலச்சினையாயிற்று. விற்ற தலைவர்களுக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அச்சந்தையைத் தோற்றுவித்தது, முகத்தை விடுத்துக் கோட்டை மட்டும் வேண்டி நின்ற கண்ணேயாகும்.

ஹொரேசியோ ரொப்லி என்னும் பிரித்தானியப் படை அதிகாரியின் வரலாறு இம்முரண்பாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். 1860களில் நியூசிலாந்திற் பணியாற்றிய அவர் மொக்கோவை நுணுக்கமாக வரைந்தார். 1896 இல் அதுபற்றி விரிவான நூலொன்றும் வெளியிட்டார். மறைந்துகொண்டிருந்த கலையொன்றின் கோடுகளைப் பேணியளித்தவர் என்ற வகையில் அவர் பணி மறுக்கற்பாலதன்று. அவரே முப்பதுக்கு மேற்பட்ட தலைகளையும் சேகரித்து வைத்திருந்தார். சுவர் நிறையத் தலைகளைத் தொங்கவிட்டு அவற்றின் முன் அமர்ந்து அவர் எடுத்துக்கொண்ட ஒளிப்படம் இன்றும் உளது. அதைக் காண்போர் அவரைக் கொடியவர் என எளிதிற் கூறிவிடுவர். அவர் கொடியவரல்லர், அழகை ஆழ்ந்து நேசித்தவர் என்பதே அப்படத்தின் உண்மையான பயங்கரம்.

கலைப்பொருளா, உடலா?

அத்தலைகளின் வரலாறு அண்மைக்காலம் வரை நீண்டது. 2003 முதல், வெளிநாட்டு நிறுவனங்களிலுள்ள மூதாதையரின் எச்சங்களை மீட்கும் பணியை நியூசிலாந்தின் தேசிய அரும்பொருளகமான தே பாப்பா அரசின் சார்பில் ஆற்றிவருகின்றது. ரொப்லியின் சேகரத்தின் பெரும்பகுதியை வாங்கி வைத்திருந்த நியூயோர்க் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2014 இல் அவற்றைத் திருப்பியளித்தது.

பிரான்சின் ரூவன் நகரில் நிகழ்ந்த வழக்கு நமது வினாவுக்கு மிக நெருங்கியது. 2007 இல் அந்நகரம் தன்னிடமிருந்த தலையைத் திருப்பியளிக்க முன்வந்தபோது பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சு அதனைத் தடுத்தது. அரசின் சேகரிப்பிலுள்ள கலைப்பொருள் தேசத்தின் உடைமை. ஒரு நகரம் நினைத்தபடி அதனை விட்டுக்கொடுத்தல் சட்டத்துக்குப் புறம்பு என்பதே காரணம். நகரமோ, இது கலைப்பொருளன்று, மனித உடல். மனித உடல் எவர்க்கும் உடைமையாதல் இயலாது என வாதிட்டது. ஈற்றில் 2010 இல் தனிச்சட்டமொன்று இயற்றப்பட்டு, 2011 இல் அத்தலை தாயகம் சென்றது. ஒரு மனிதர் கலைப்பொருளல்லர் என நிறுவ ஒரு நாடாளுமன்றத்தின் சட்டம் தேவைப்பட்டது. வடிவத்தை வாழ்விலிருந்து பிரித்த பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய நாட்டம்

நம் காலத்து நாட்டத்தைப் பற்றிச் சிறிது நோக்குவோம். 1980கள் தொடக்கம், பொலினீசியா, போர்ணியோ முதலிய இடங்களின் கோடுகளைக் கலந்து கருநிறத்தில் வரையும் பாணியொன்று அமெரிக்காவிலிருந்து பரவியது. கடைகளில் இது 'டிரைபல்' எனப்படும். எக்குலம் என்று கேட்டால் விடையில்லை. குலத்தின் பெயரில்லாத குலக்குறி அது. இன்று கொழும்பிலும் அதனைக் காணலாம்.

இதனை நாடுவோரை எள்ளுதல் எளிது. ஆயின் அது நியாயமன்று. தொழில், வீடு, நட்பு யாவும் எப்போது வேண்டுமாயினும் மாறக்கூடியனவாய் அமைந்த உலகில், அழிக்கவியலாத ஒன்றைத் தம்மீது ஏற்க விரும்புவோர் உண்மையான ஒரு பசியினாலேயே அதனைச் செய்கின்றனர். தாமும் எங்கேனும் ஓரிடத்துக்குச் சொந்தமாயிருத்தல் வேண்டும் என்பதே அப்பசி. துயரம் யாதெனில், அவர்கள் பெறுவது சொந்தத்தின் குறியை மட்டுமே. விலை கொடுத்ததும் கோடு அவர்க்குச் சொந்தமாகிறது. அவர் எவர்க்கும் சொந்தமாவதில்லை. மொக்கோவை ஏந்தியவரிடம் அவர் குலத்தார் கணக்குக் கேட்கலாம். கடையில் வாங்கிய கோட்டை ஏந்தியவரிடம் கணக்குக் கேட்க எவருமிலர்.

2011 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றுக்கு வந்த வழக்கு இந்நிலைமையைத் துலக்கமாகக் காட்டியது. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 2003 இல் தம் முகத்திற் குத்திக்கொண்ட பச்சை, மாவோரிப் பாணியின் சாயலுடையது. அக்கோட்டைத் திரைப்படமொன்று வேறொரு நடிகரின் முகத்தில் வரைந்து காட்டியது. பச்சை குத்திய கலைஞர், தமது பதிப்புரிமை மீறப்பட்டது என வழக்குத் தொடுத்தார். வழக்கு இணக்கமாக முடிந்தது. கோட்டை வரைந்தவருக்கு உரிமையுண்டு, படமெடுத்தவருக்கு வாதமுண்டு. அச்சாயலைத் தந்த மக்களுக்கு அவ்வழக்கில் இடமே இல்லை. தனியொருவர் நேற்று வரைந்ததைச் சட்டம் உடைமையாகக் காண்கிறது. ஒரு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பேணியதை 'பாணி' என்று மட்டுமே காண்கிறது.

மூன்று மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மறுப்புகள் எழும். முதலாவது, கலைகள் யாவும் கொடுத்தும் கொண்டுமே வளர்ந்தன என்பது. உண்மையே. மாவோரியரும் எலும்புளியை விடுத்து உலோகத்தையும், பின்னர் ஊசியையும், இன்று மின்பொறியையும் ஏற்றுக்கொண்டனர். தூய்மை பேசுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. எனினும், கருவியைக் கொள்ளுதல் வேறு, பெயரைக் கொள்ளுதல் வேறு. என் அயலவரின் ஏரைக் கண்டு நானும் ஏர் செய்தல் கற்றலாகும். அவருடைய கையொப்பத்தை நான் இடுதல் கற்றலாகாது. அந்தக் கையொப்பம் எத்துணை அழகியதாயினும் ஆகாது.

இரண்டாவது, மொக்கோவே ஏற்றத்தாழ்வின் சின்னமன்றோ என்பது. ஆம்; உயர்ந்தோருக்கு உரியதாகவே அது பெரும்பாலும் இருந்தது. ஆனால் அதன் இன்றைய வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். ஆண்களின் முக மொக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகிப்போனது. நாடியிலும் உதட்டிலும் பொறிக்கும் மொக்கோ கவாயேயைப் பெண்களே இருபதாம் நூற்றாண்டிலும் காத்துநின்றனர். 1980களுக்குப் பின்னரான மறுமலர்ச்சியில் அது மொழியுரிமையோடும் நிலவுரிமையோடும் இணைந்து, தாழ்த்தப்பட்ட மக்களின் நிமிர்வாயிற்று. 2016 இல் மொக்கோ கவாயேயைப் பெற்ற நானையா மஹுத்தா 2020 இல் நியூசிலாந்தின் வெளிவிவகார அமைச்சரானார். அப்பதவியேற்ற முதற்பெண் அவரே. மரபைத் திருத்தும் உரிமை அம்மரபின் சுமையைத் தாங்கியவர்க்கு உண்டு. அதன் குறைகளைக் காட்டி, வெளியார் அதனை எடுத்துக்கொள்ளல் பொருந்தாது.

மூன்றாவது மறுப்பே வலுவுடையது: புனிதம் எனக் கூறி ஒருவர் உடலின் மீது மற்றவர் ஆணை செலுத்தலாமா? இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2014 இல், புத்தரின் உருவைக் கையிற் குத்தியிருந்தார் என்பதற்காக வெளிநாட்டுப் பெண்ணொருவர் தடுத்து வைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என 2017 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. அத்தீர்ப்பு நியாயமானதென்றே நான் கருதுகின்றேன். ஆதலின் தடையையோ தண்டனையையோ நான் வேண்டவில்லை. அதிகாரம் படைத்த அரசொன்று ஓர் உடலை விலங்கிடுதல் வேறு. அதிகாரமிழந்த மக்கள் 'எம் பெயரை எம்மிடம் கேளாது எடுக்காதீர்' எனக் கூறுதல் வேறு. முன்னையது கட்டளை, பின்னையது வேண்டுகோள். சட்டத்தால் வற்புறுத்தப்படாத வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தலிலேயே ஒருவரின் அறம் விளங்கும்.

மாவோரிக் கலைஞருட் சிலர் காட்டும் வழி ஈண்டு கருதத்தக்கது. வம்சத்தைக் கூறும் மொக்கோவை ஒருபுறம் வைத்து, வெளியார்க்கென அவர்கள் வரையும் கோடுகளை 'கிரித்துஹி' என வேறு பெயரால் அழைப்பர். 'தோலெழுத்து' என்பது அதன் பொருள். அது விருந்தினர்க்கு அளிக்கும் கொடை. பெற வேண்டுமாயின் ஒருவர் அங்கே சென்று, தாம் யார் எனக் கூறி, அவர்கள் யாரெனக் கேட்டல் வேண்டும். கோடு அப்போது உரையாடலின் பயனாகிறது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளாதே என்ற கான்றின் அறநெறி, அவரது அழகியலினும் மேலானது. அந்நெறிக்கு இசைந்த வழியும் இதுவேயாகும்.

முடிவாக

இவ்வளவும் தொலைதூரத்துத் தீவொன்றின் செய்தியென எண்ணிவிடலாகாது. என் அம்மாயியின் இரு கைகளிலும் பச்சை இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோலம்போற் புள்ளிகளும் கோடுகளும் நிறைந்திருக்கும். நான் பாடசாலையிற் பரிசு பெற்ற நாளில் அவர் வருவதை நான் விரும்பவில்லை. தோட்டத்துக் கிழவி என அக்கைகள் சொல்லிவிடும் என்பதே என் அச்சம். அவர் வந்தார், முந்தானையாற் கைகளை மூடிக்கொண்டே அமர்ந்திருந்தார். பல்கலைக்கழகம் வந்தபின் நண்பரொருவரின் தோளிற் பசிபிக் தீவுக் கோடுகளைக் கண்டு நான் வியந்து நின்றேன். அன்றிரவுதான் அம்மாயியின் கைகள் நினைவுக்கு வந்தன. அவற்றை எழுதியவர் யார், எந்த வயதில், எதற்காக, அப்புள்ளிகளுக்குப் பெயருண்டா என்ற ஒன்றையும் நான் கேட்டதில்லை. கேட்பதற்கு இன்று அவர் இல்லை.

அன்று நான் இகழ்ந்தேன்; பின்னர் வியந்தேன். இரண்டுக்குமிடையே நான் கருதிய வேறுபாடு உண்மையில் இல்லை. இகழ்ந்தபோதும் கேட்கவில்லை, வியந்தபோதும் கேட்கவில்லை. இகழ்ச்சியும் வியப்பும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், கண்ணோடு நின்றுவிடுதலில் அவை ஒன்றே. மதிப்பு அவ்விரண்டினின்றும் வேறானது. அது செவியிற் தொடங்குவது. பழங்குடி மக்களின் கலைமீது உலகு இன்று கொண்டுள்ள நாட்டம் நன்மையாகுமா என்பது, நாம் அக்கோடுகளை எவ்வளவு விரும்புகின்றோம் என்பதைப் பொறுத்ததன்று. அக்கோடுகளுக்குரியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் வினவி, அவர்கள் கூறும் விடை 'இல்லை' என்பதாயினும் ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா என்பதைப் பொறுத்ததாகும்.